கொக்கி மாட்டின காரும் இன்சூரன்ஸ் பாலிசியும்

11 மே 2024, காலை. பாலக்கோட்டிலிருந்து ஒரு நண்பர் கேட்டது:

"பொலேரோவுக்குப் பின்னாடி டோ பார் மாட்டப் போறேன். போல்ட்டு போட்டு முடுக்குற கொக்கிதானே, ஆர்.சி. புக்குல ஒண்ணும் மாறப்போறதில்ல. இன்சூரன்ஸ்ல சொன்னா பிரீமியம் ஏத்துவாங்க, சொல்லாம விடறதுதான் புத்தின்னு பட்டறையில சொல்றாங்க. தக்காளி சீசன்ல சின்ன டிரெய்லர் கோத்து மார்க்கெட்டுக்கு நானே ஓட்டலாம்னு இருக்கேன். மாட்டி ஓட்டினவங்க சொல்லுங்க."

11 மே 2024, இரவு 9.40

சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் விட்டவன்.

என்னுடையதும் பொலேரோதான், 2020 வண்டி. காவேரிப்பட்டணம் பக்கம் நாலு ஏக்கர் மாந்தோப்பு. பூ எடுக்கும் நேரத்தில் மருந்தடிக்க டிராக்டர் கிடைக்காது. 500 லிட்டர் டேங்கையும் பம்பையும் ரெண்டு சக்கர வண்டியில் ஏற்றிக் காரிலேயே இழுத்துப் போகலாம் என்று 2021 தை மாதம் கொக்கி மாட்டினேன். கொக்கி 9,500 ரூபாய், லைட்டுக்கு ஒயரும் சாக்கெட்டும் 2,000. பட்டறையில் எனக்கும் இதே வார்த்தைதான் சொன்னார்கள்.

2022 ஆவணி. கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நிற்கிறேன். பின்னால் வந்த லாரி பிரேக்கை விட்டு மெல்ல வந்து இடித்தது. வேகமே இல்லை. இறங்கிப் பார்த்தால் பம்பரில் ஒரு கீறல்கூட இல்லை. நிம்மதியாக வீட்டுக்கு வந்து பின்கதவைத் திறந்தேன், பாதியில் நின்றுவிட்டது. வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கொக்கி முடுக்கியிருந்த இடத்தில் சேஸின் பின்குறுக்குச் சட்டம் போல்ட் துளையோடு மடங்கியிருந்தது. பம்பர் இருப்பதே அடியை வாங்கி நசுங்கத்தான். கொக்கியின் முனையில் டிரெய்லரைக் கோக்கும் இரும்பு உருண்டை, அதாவது குண்டு, பம்பரைத் தாண்டி ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்ததால் பம்பருக்கு வேலையே வரவில்லை. அடி நேராகச் சட்டத்துக்குப் போய்விட்டது.

எஸ்டிமேட் 62,000. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பேனா முனையால் குண்டைத் தட்டி, "இது கம்பெனி ஃபிட்டிங்கா சார்?" என்றார். இல்லை என்றேன். "பாலிசியில ஏத்தியிருக்கீங்களா?" அதற்கும் இல்லை. தேய்மானம், கட்டாயப் பிடித்தம் 1,000 போக கைக்கு வந்தது 38,400. தெரிவிக்காத பொருத்துதல், அதன் வழியாக வந்த சேதத்துக்கு முழுப்பணம் இல்லை என்று கடிதத்தில் ரெண்டே வரி.

11 மே 2024, இரவு 11.15

சொல்லியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்பதை எழுத மறந்துவிட்டேன். காரோடு கம்பெனி விலையில் வராத மின்சாரச் சாமான்களுக்கு, பழைய டேரிஃப் (பிரீமிய விகிதப் பட்டியல்) கணக்குப்படி அதன் மதிப்பில் 4 சதவீதம். என் 2,000 ரூபாய் ஒயருக்கு 80 ரூபாய். கொக்கி இரும்பு, அதன் மதிப்பு ஐ.டி.வி.யோடு (பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு) சேரும், வருஷத்துக்கு முந்நூறைத் தாண்டாது. தேர்டு பார்ட்டி பிரீமியம் அரசு நிர்ணயிப்பது. 1000 முதல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 2022 ஜூனிலிருந்து 3,416. கொக்கியைச் சொன்னதால் அது ஒரு ரூபாய்கூட ஏறாது. பட்டறைக்காரர் பயமுறுத்தியது எதை வைத்து என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

12 மே 2024

லாரிக்காரரின் இன்சூரன்ஸில் கேட்டிருக்கலாமே என்று ரெண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். கேட்டிருக்கலாம். சேதம் இல்லை என்று நினைத்து நம்பரைக் குறிக்காமல் விட்டேன், அவர் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். பம்பரைப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். கொக்கி உள்ள வண்டியை யாராவது தொட்டால்கூட நம்பரை எழுதிக்கொள்ளுங்கள்.

இனி தக்காளி விஷயம். உங்கள் கேள்வியில் என்னைத் தூங்கவிடாதது அதுதான். கொக்கி அதற்கு அடுத்தபடிதான்.

பாலிசியின் முதல் பக்கத்தில் பொடி எழுத்தில் "பயன்பாட்டு வரம்பு" என்று ஒரு பத்தி இருக்கும். எடுத்துப் படியுங்கள். தனியார் கார் பாலிசி வாடகைக்கு ஓட்டுவதற்கும், பந்தயத்துக்கும், சரக்கு ஏற்றுவதற்கும் செல்லாது. சொந்தச் சாமானும் வியாபாரத்துக்குக் காட்டும் மாதிரிகளும் மட்டும் ஏற்றலாம். நாற்பது கிரேட் (பெட்டி) தக்காளியை எந்த சர்வேயரும் மாதிரி என்று ஒத்துக்கொள்ள மாட்டார். தக்காளி உங்கள் சொந்தத் தோட்டத்தில் விளைந்தது என்றாலும் சந்தைக்குப் போகும்போது அது சரக்கு.

அடுத்து, கார் பாலிசி தானாக டிரெய்லருக்கு நீளாது. கூடுதல் பிரீமியம் கட்டி ஐ.எம்.டி. 30 என்ற எண்டார்ஸ்மெண்ட், அதாவது பாலிசியோடு சேர்க்கும் இணைப்பு, வாங்க வேண்டும். அதில் டிரெய்லரின் பதிவெண் எழுதுவார்கள், மதிப்பு எழுதுவார்கள். உள்ளே இருக்கும் பொருள் அதில் அடங்காது என்று அந்த எண்டார்ஸ்மெண்டே சொல்கிறது. வேலை ஒப்பந்தத்தின் பேரில் வருபவரைத் தவிர டிரெய்லரில் ஏறிப் போகும் வேறு யாருக்கும் அதில் பாதுகாப்பு இல்லை. தோட்ட வேலை முடிந்து பெண்கள் ஏறி உட்கார்ந்துகொண்டு "ரோட்டுமுனை வரைக்கும் விடுப்பா" என்பார்கள். நானும் விட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

பதிவெண் எங்கிருந்து வரும்? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் வரையறையில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்குத் தனி ஆர்.சி. வேண்டும். என்னுடையது லேத்துப் பட்டறையில் ஆங்கிள் வெட்டிச் செய்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் தயாரிப்பாளரின் ஒப்புதல் சான்று கேட்டார்கள். நான் யாரிடம் போய் வாங்குவேன்? சான்று இல்லாமல் நம்பர் இல்லை, நம்பர் இல்லாமல் எண்டார்ஸ்மெண்ட் இல்லை.

15 மே 2024

சட்டத்தையும் பார்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், முன்னால் மாட்டும் கிராஷ் கார்டு, புல் பார் எல்லாம் இந்தப் பிரிவுக்கு எதிரானவை என்று சொன்னது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டும். ஆகவே கொக்கி மாட்டுவதே குற்றம்.

16 மே 2024

நேற்று எழுதியதில் கடைசி வாக்கியத்தை அழித்துவிட்டுப் படியுங்கள். அவசரப்பட்டுவிட்டேன்.

அதே பிரிவு 52-இல் விளக்கம் ஒன்று இருக்கிறது. மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படை அம்சமே மாறும்படி கட்டமைப்பில் செய்வது. போல்ட்டைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் கொக்கி அதில் வருமா என்று ஒரு வழக்கறிஞர் என்னைக் கேட்டார், அவர் கேட்பது நியாயம். 2017 கடிதமும் முன்பக்கக் கம்பிகளைப் பற்றியதுதான். ஆனால் சேஸில் துளை போட்டு, வெல்டிங் வைத்து மாட்டினால் அந்த வாதம் மெலிந்துவிடும். கார் கம்பெனியே அந்த மாடலுக்கென்று விற்கும் கொக்கியை, இருக்கிற துளைகளிலேயே பில்லோடு மாட்டியிருந்தால் சர்வேயர் முன்னால் நீங்கள் நிமிர்ந்து நிற்கலாம். எனக்கு மாட்டியது புதுத்துளை. அதற்கு பில்லும் கிடையாது.

20 மே 2024, விடியற்காலை

இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். எழுத மனம் வரவில்லை.

லாரி இடித்ததற்கு ஏழு மாதம் கழித்து, காரிமங்கலத்தில் ஸ்பீடு பிரேக்கரில் வேகத்தைக் குறைத்தேன். பின்னால் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் ஒரு பையன், வயது இருபது இருக்கும், முன்னால் புல்லுக்கட்டு. என் வண்டியில் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை, ஒரு சின்ன அதிர்வு. அவன் வண்டி பக்கவாட்டில் சாய்ந்தபோது முழங்காலுக்குக் கீழே எலும்பு நேராகக் கொக்கிக் குண்டில் மோதியது. கிரீஸ் ஒட்டாமல் இருக்கட்டும் என்று குண்டின் மேல் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்திருப்பேன். அது ரெண்டாகப் பிளந்து ரோட்டில் கிடந்தது. அந்தப் பிள்ளை கத்தவே இல்லை. தன் காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

தருமபுரி அரசு மருத்துவமனையில் பிளேட் வைத்தார்கள். பின்னால் வந்து மோதியது அவன்தான், தப்பு உன் மேல் இல்லை என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். பம்பர் மட்டும் இருந்திருந்தால் அவன் சிராய்ப்போடு எழுந்து போயிருப்பான் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் எதையும் இழுத்துப் போகவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போய்க்கொண்டிருந்தேன். வேலையில்லாத நாளில் அந்தக் குண்டு அங்கே இருந்திருக்கவே வேண்டியதில்லை.

அவன் வீட்டார் வழக்குப் போடவில்லை. செலவை நான் ஏற்றுக்கொண்டேன். போட்டிருந்தால் என்ன ஆகும் என்று பிறகு விசாரித்தேன். அடிபட்டவருக்கான தேர்டு பார்ட்டி பாதுகாப்புக்கு உயிர், உடல் விஷயத்தில் உச்சவரம்பு இல்லை. பாலிசி நிபந்தனையை வண்டிக்காரர் மீறியதாகத் தீர்ப்பாயம் கண்டால், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று உத்தரவிடுவதும் உண்டு. அடிபட்டவர் கைவிடப்பட மாட்டார், அது நல்லது. பணம் கடைசியில் யார் வீட்டிலிருந்து போகும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவதானால் கழற்றி எடுக்கிற மாதிரிக் கொக்கி மாட்டுங்கள். வேலை முடிந்ததும் பின்னைப் பிடுங்கிக் குண்டை உள்ளே வையுங்கள்.

2 ஜூன் 2024

தோப்பில் காய் பறிப்பு, அதனால் இத்தனை நாள் எழுத முடியவில்லை.

எடை பற்றிக் கேட்டவருக்கு: 500 லிட்டர் தண்ணீர் 500 கிலோ. இரும்பு, பம்பு, ஓஸ் சேர்த்து என் டிரெய்லர் 680 கிலோ வந்தது, வே பிரிட்ஜில் போட்டுப் பார்த்தேன். டிரெய்லருக்கு என்று பிரேக் கிடையாது. அத்தனையையும் காரின் பிரேக்தான் பிடிக்க வேண்டும். டேங்க் நிறைந்திருந்தால் பரவாயில்லை. பாதியாக இருக்கும்போது தண்ணீர் முன்னும் பின்னும் அலைமோதி, பிரேக் பிடித்த பிறகு யாரோ பின்னாலிருந்து ரெண்டாம் தரம் தள்ளுவது மாதிரி இருக்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இதோடு போகலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். பெரிய லாரிகளே பிரேக் பிடிக்காமல் தவிக்கும் இறக்கம் அது.

ஒருமுறை தோப்புக்குத் திரும்பும் வழியில் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கினதும் கப்ளிங் (டிரெய்லரின் முனையில் குண்டைக் கவ்விப் பிடிப்பது) குண்டைவிட்டு எகிறிவிட்டது. பூட்டு சரியில்லாத கப்ளிங். குறுக்காகக் கட்டியிருந்த ரெண்டு சங்கிலிதான் டிரெய்லரை ரோட்டோரக் கடைக்குள் போகாமல் பிடித்தது. தனியார் கார் பாலிசியில் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு உச்சம் 7,50,000 ரூபாய், அதுவும் டிரெய்லர் பாலிசியில் ஏறியிருந்தால். என்னுடையது ஏறாதது. சங்கிலி அறுந்திருந்தால் அந்தக் கடைக்கு முழுக்க நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

9 ஜூன் 2024

ஒகேனக்கல்லுக்கு சைக்கிள் எடுத்துப்போகக் கொக்கியில் மாட்டும் கேரியர் பற்றிக் கேட்ட தம்பிக்கு: சைக்கிள் சொந்தச் சாமான், சரக்குப் பிரச்சினை இல்லை. நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் மறைக்கிறதா என்று மட்டும் பத்தடி பின்னால் நின்று பாருங்கள். மறைத்தால் வேண்டாம்.

நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது வேறு கதை. அதற்குக் கொக்கியே தேவையில்லை. 1989 சாலை விதிகளிலேயே ரெண்டு வண்டிக்கும் இடையில் 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, இழுபடும் வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும் என்று இருந்தது. உதவியாக இழுங்கள், கூலி வாங்காதீர்கள். வாங்கினால் அது வாடகைப் பயன்பாடு. விபத்தில் உங்கள் வண்டியே நின்றுபோனால், அதை அருகிலுள்ள பட்டறைக்குக் கொண்டுபோக சாதாரண பாலிசியிலேயே 1,500 ரூபாய் வரை உண்டு. பலருக்கு இது தெரியாது.

14 ஜூலை 2024

அக்கா மகன் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தான். இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அங்கே 1998 ஆகஸ்ட் 1-க்குப் பிறகு பதிவான காருக்கு அந்த மாடலுக்கென்று ஒப்புதல் பெற்ற டோ பார்தான் மாட்ட வேண்டுமாம். பிரேக் இல்லாத டிரெய்லர் 750 கிலோவுக்கு மேல் கூடாது, காரின் எடையில் பாதியையும் தாண்டக் கூடாது. டிரெய்லரின் பின்னால் இழுக்கும் காரின் நம்பரையே மாட்டிவிடுகிறார்கள். டோ பார் மாட்டினால் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்வது அங்கே வழக்கமாகிவிட்டது. சொன்னாலும் பெரும்பாலும் இழுபடும் பொருளால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்குத்தான் பாதுகாப்பு, இழுபடும் பொருளுக்கே வேண்டுமென்றால் தனிப் பாலிசி. நம் ஊர் எண்டார்ஸ்மெண்ட் இந்த விஷயத்தில் தாராளம் என்றுகூடச் சொல்லலாம், டிரெய்லருக்கும் மதிப்புப் போட்டுத் தருகிறது. நம்பர் வாங்குவதுதான் நமக்குக் கஷ்டம்.

அவன் ஜூன் 2 குறிப்பைப் படித்துவிட்டு, "மாமா, குண்டு எத்தனை மில்லிமீட்டர்?" என்றான். அங்கே எல்லாக் குண்டும் 50. எழுந்துபோய் வெர்னியர் வைத்து அளந்தோம். 48. கப்ளிங் 50-க்கு வார்த்தது. பூட்டு சரியில்லை என்று நான் எழுதியது தப்பு. பூட்டு நல்ல பூட்டு. குண்டுதான் சின்னது, ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் குதித்து வெளியே வந்திருக்கிறது. மாட்டினதும் ஒருதரம் அளந்து பாருங்கள். டிரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் குண்டின் மேல் அமர வேண்டும் என்பதும் அவன் சொன்னதுதான். என் டேங்க் பின்பக்கம் தள்ளி இருந்ததால் குண்டைக் கீழே அழுத்துவதற்குப் பதில் மேலே தூக்கியிருக்கிறது.

4 ஆகஸ்ட் 2024

ஒயரிங். பின்விளக்கின் ஒயரை நடுவில் சுரண்டி, முறுக்கி, டேப் சுற்றித்தான் எனக்கு சாக்கெட் கொடுத்தார்கள். மழையில் அந்த டேப் பிசுபிசுத்துக் கழன்று தொங்கியது. தீப்பிடித்த கிளெய்மில் சர்வேயர் முதலில் தேடுவது இந்த மாதிரி ஒட்டுப்போட்ட இடத்தைத்தான். கார் வாரண்டியில் இருந்தால் ஷோரூமிலும் இதைக் காட்டிக் கையை விரிப்பார்கள். தனி ஃபியூஸ், ரிலே வைத்த செட்டாகக் கேளுங்கள்.

கிளெய்ம் குறைந்தால் என்ன செய்யலாம் என்று இப்போதுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். நிபந்தனை மீறல் இருந்தாலும் கிளெய்மை மொத்தமாகத் தள்ளிவிடாமல் 75 சதவீதம் வரை தரலாம் என்ற வழிமுறையை உச்ச நீதிமன்றம் 2010-இல் ஒரு வழக்கில் ஏற்றிருக்கிறது. கம்பெனியிடம் எழுத்தில் புகார் கொடுத்து, மறுப்பு வந்தாலோ ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ ஒரு வருஷத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நான் போனில் சண்டை போட்டே அந்த ஒரு வருஷத்தைக் கழித்துவிட்டேன். எழுதுங்கள். போனில் பேசியதற்குத் தடயம் இருக்காது.

10 நவம்பர் 2024

டிரெய்லர் கோத்து ஓட்ட சாதாரண கார் லைசென்ஸ் போதுமா என்று நாலு பேர் கேட்டீர்கள். நாலு நாள் முன்னால் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு, எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் உள்ளவர் 7,500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உறுதிசெய்திருக்கிறது. பின்னால் டிரெய்லர் கோத்ததாலேயே டிராக்டர் லைசென்ஸ் செல்லாமல் போகாது என்று 2001-லேயே ஒரு தீர்ப்பு உண்டு. ஆக, லைசென்ஸைக் காட்டி மறுப்பது இனி சுலபமில்லை. ஆனால் பாலிசியின் பயன்பாட்டு வரம்பு அப்படியேதான் இருக்கிறது, ரெண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் பாலிசி போன வாரம் புதுப்பித்தேன். மடங்கிய சேஸ் சட்டத்தை மாற்றியபோதே பழைய கொக்கியைக் கழற்றிவிடாமல் திரும்ப முடுக்கியதுதான் நான் செய்த பெரிய தப்பு. அந்தப் பையன் கால் உடைந்தது அதற்குப் பிறகு. இப்போது அதை எடுத்துவிட்டு, கழற்றி மாட்டும் கொக்கி, 50 மில்லிமீட்டர் குண்டு, பில்லோடு. படம், பில், "கார் பின்புறம் டோ பார் பொருத்தப்பட்டுள்ளது, பதிவு பெற்ற டிரெய்லர் இல்லை" என்று ஒரு கடிதம், மூன்றையும் மெயிலில் அனுப்பினேன். மூன்றாம் நாள் எண்டார்ஸ்மெண்ட் வந்தது. கூடுதல் பணம் வரியோடு 340 ரூபாய். லேத்து டிரெய்லர் இனி ரோட்டுக்கு வராது, தோப்பு வேலிக்குள் மட்டும்.

பாலக்கோட்டு நண்பர் நேற்று போன் செய்தார். கொக்கி யோசனையை விட்டுவிட்டாராம். பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து சீசனுக்கு ஒரு குட்டியானை பேசியிருக்கிறார், சரக்கு வண்டிக்கான பாலிசி உள்ளது, கிரேட்டுக்கு இவ்வளவு என்று வாடகை. அதன் பாலிசி காப்பியைப் போனில் அனுப்பி, "எந்தப் பக்கம்ணா பாக்கணும்?" என்றார். முதல் பக்கம், கீழே, பொடி எழுத்து என்றேன்.